வசனத்தை வெட்டியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இதெல்லாம் சபைக்குள்ளேயே பேசித் தீர்க்கவேண்டியது, பத்திரிகைக்கு எதற்கு என்று என் மனைவி கேட்டாள். பேசிப் பார்த்தேன், தீரவில்லை. அதோடு, யோசிக்க யோசிக்க இது சமயப் பிரச்சினையைவிடத் தமிழ்ப் பிரச்சினையாகத்தான் எனக்குப் படுகிறது. அதனால் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் குழுவில் மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு யாராவது ஒருவர் வீட்டில் வேத ஆராய்ச்சி, அதாவது பைபிள் வாசிப்பு, நடக்கும். பெயர்தான் ஆராய்ச்சி. ஆளுக்கு ஒரு வசனம் வாசிப்போம், மூத்தவர் விளக்குவார், அப்புறம் பிரட்டிய மீகூனும் தேநீரும். போன மாதம் ஈசூனில் ஒரு வீட்டில் கூடியிருந்தோம். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போகிறார், பிலிப்பு ஓடிவந்து ஏறிக்கொள்கிறார், வழியில் தண்ணீரைக் கண்டதும் நான் ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று மந்திரி கேட்கிறார். அடுத்து 37ஆம் வசனம், அந்த வீட்டுப் பையனின் முறை. தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருப்பவன். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான் என்பதால் கைப்பேசியில் ஆங்கில வேதத்தைத் திறந்து வைத்திருந்தான். "அங்கிள், எனக்கு 37 இல்ல. 36க்கு அப்புறம் நேரா 38" என்றான்.

எல்லாரும் சிரித்தோம். மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "புது பைபிள்ல எல்லாம் இப்படித்தான் தம்பி, வசனத்த வெட்டிட்டாங்க. கள்ள உபதேசக்காரங்க வேலை. அத முதல்ல டிலீட் பண்ணு" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி 22:19ஐ அழுத்தமாக வாசித்தார். இந்தப் புஸ்தகத்தின் வசனங்களிலிருந்து எவனாவது எதையாவது எடுத்துப்போட்டால் ஜீவபுஸ்தகத்திலிருந்து அவனுடைய பங்கைத் தேவன் எடுத்துப்போடுவார் என்கிற வசனம். பையன் முகம் சிறுத்துப்போனது. அவன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: மத்தேயு 17:21, யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37, இன்னும் சில, இவை உங்கள் பைபிளில் இருக்கிறதா என்று சரிபாருங்கள், இல்லையென்றால் அது சாத்தானின் பைபிள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

மூத்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் இரண்டு பஸ் மாறி வந்து ஜெபித்துவிட்டுப் போனவர் அவர். ஆனால் அன்று அவர் சொன்னது தப்பு. அது எப்படித் தப்பு என்று சொல்லக்கூடிய தொழிலில் நாற்பது வருஷம் இருந்தவன் நான். போதகர் அல்ல, மெய்ப்புத் திருத்துபவன். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக் காலத்தில் சேர்ந்து, கணினி வந்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எப்படிக் காணாமல் போகும், இல்லாத வரி எப்படி உள்ளே வந்து உட்காரும் என்பது எனக்கு வயிற்றுப்பாட்டு விஷயம்.

ஒன்று சொல்கிறேன். ஒரு சபையின் ஆண்டுவிழா மலர் எங்களிடம் அச்சுக்கு வந்திருந்தது. மெய்ப்பில் ஒரு வருஷத்தின்மேல் எனக்குச் சந்தேகம், பக்க ஓரத்தில் பென்சிலால் 'ஆண்டு சரியா ஐயரிடம் கேட்கவும்' என்று எழுதி வைத்தேன் (ஐயர் என்று நாங்கள் சொல்வது போதகரை). அச்சுக்கோப்பவர் அதை நான் சேர்க்கச் சொன்ன வரி என்று நினைத்துக் கோத்துவிட்டார். மறுமெய்ப்பு வந்த அன்று எனக்குக் காய்ச்சல். ஐந்நூறு பிரதியிலும் 'ஆலயத்துக்கு அஸ்திபாரக் கல் நாட்டப்பட்டது ஆண்டு சரியா ஐயரிடம் கேட்கவும்' என்று அச்சாகிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. யாரும் கள்ள உபதேசம் செய்யவில்லை. ஓரத்தில் இருந்தது உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வேதத்தைக் கையால் பார்த்துப் பார்த்து எழுதிய ஆயிரத்து நானூறு வருஷத்தில் இது நடந்திருக்காது என்றா நினைக்கிறீர்கள்? யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் பெதஸ்தா குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷமாகக் கிடக்கும் நோயாளி, தண்ணீர் கலக்கப்படும்போது என்னை இறக்கிவிட ஆளில்லை என்கிறான். தண்ணீர் ஏன் கலங்கும் என்று வாசிப்பவனுக்குப் புரியாது. தேவதூதன் வந்து கலக்குவான் என்று ஜனங்கள் நம்பினார்கள் என யாரோ ஓரத்தில் குறித்திருக்க வேண்டும், அடுத்துப் பிரதி எடுத்தவர் அதை வசனத்துக்குள் சேர்த்திருக்க வேண்டும் என்றுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். நமக்கு நாலாம் வசனமாக வந்திருப்பது அதுதான், மிகப் பழைய பிரதிகளில் கிடையாது. பையனுக்கு இல்லாமல்போன அந்த 37ஆம் வசனமும் (இயேசுவைத் தேவகுமாரன் என்று விசுவாசிக்கிறேன் என மந்திரி சொல்வது) இப்படித்தான். 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்ட எராஸ்மஸ், தான் முக்கியமாக நம்பிய பிரதியில் அதைக் காணவில்லை. இன்னொரு பிரதியின் ஓரத்தில் கண்டார். எழுதினவன் கவனக்குறைவாக விட்டிருப்பான் என்று அவராகவே முடிவுசெய்து உள்ளே சேர்த்தார். நம் மொழிபெயர்ப்பு வரைக்கும் அது வந்து சேர்ந்தது. அதற்காக அந்த வசனம் நேற்றைய கற்பனையும் அல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆதிச் சபைத் தலைவர் இரேனேயுவுக்கு அது தெரிந்திருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் விசுவாசத்தை வாயால் அறிக்கையிடும் ஆதிச் சபையின் வழக்கம் அதில் அப்படியே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆசிரியர் லூக்கா எழுதியதா என்பதுதான் கேள்வி.

இப்போது மூத்தவர் வாசித்த வெளிப்படுத்தின விசேஷம் 22:19க்கு வருகிறேன். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எராஸ்மஸ் பேசல் நகரத்தில் அச்சகக்காரரின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து வேலை பார்த்தவர் (அந்த அவசரம் எனக்கு நன்றாகத் தெரியும்). வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கிரேக்கப் பிரதி, அதிலும் கடைசித் தாள் இல்லை. என்ன செய்தார்? கடைசி ஆறு வசனத்தையும் லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்குத் திருப்பிப் போட்டுவிட்டார். லத்தீனில் மரத்துக்கு 'லிக்னோ', புத்தகத்துக்கு 'லிப்ரோ'. யாரோ ஒரு லத்தீன் எழுத்தர் ஓர் எழுத்துக் குழப்பத்தில் மரத்தைப் புத்தகமாக்கியிருந்தார். எராஸ்மஸிடம் வந்தது அந்தப் புத்தகம்தான். கிரேக்கப் பிரதிகளில் அந்த இடத்தில் இருப்பது ஜீவ விருட்சம். நம் தமிழ் வேதத்தில் ஜீவபுஸ்தகம். ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதே என்று எச்சரிக்கிற வசனத்திலேயே ஒரு வார்த்தை மாறிக் கிடக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு பையனை மிரட்டினோம். பையன் கைப்பேசியில் அந்த இடத்தில் மரம்தான் இருந்தது.

புதியவை எல்லாம் வெட்டவே செய்கின்றன என்பதும் சரியல்ல. 1 யோவான் 2:23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குமாரனை மறுதலிக்கிறவன் பிதாவை உடையவனல்ல, குமாரனை அறிக்கையிடுகிறவன் பிதாவையும் உடையவன். கிரேக்கத்தில் இந்த இரண்டு பாதியும் ஒரே சொற்களில் முடிகின்றன. பிரதி எடுப்பவன் முதல் பாதியை எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தால் கண் இரண்டாவது முடிவில் போய் விழும், நடுவில் இருப்பது போச்சு. நான் மெய்ப்பில் வாராவாரம் பிடித்த தவறு இது. பிற்காலக் கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் அந்தப் பின்பாதி விழுந்துபோயிற்று, பழைய பிரதிகளில் பத்திரமாக இருக்கிறது. 1611இன் ஆங்கில வேதம் அந்தப் பாதியைச் சந்தேகத்தோடு வேறு வகை எழுத்தில் போட்டது. இன்றைய ஆங்கில வேதங்கள் தயக்கமில்லாமல் மற்ற வரிகளின் எழுத்திலேயே போடுகின்றன. இங்கே சேர்த்தது யார், வெட்டியது யார்?

வாட்ஸ்அப் செய்தியில் இருந்த இன்னொன்று 1 யோவான் 5:7. பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பது. இதை எடுத்தால் திரித்துவமே, அதாவது மூவரும் ஒரே கடவுள் என்ற போதனையே, போய்விடும் என்று பதறுகிறார்கள். எராஸ்மஸின் முதல் இரண்டு பதிப்பிலும் அது இல்லை, கூச்சல் கிளம்பி, அது உள்ள ஒரு கிரேக்கப் பிரதியும் கொண்டுவரப்பட்ட பிறகு 1522இன் மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். புரோட்டஸ்டன்ட் சபைகளின் முன்னோடி லுத்தர் உயிரோடு இருந்தவரை வந்த அவருடைய ஜெர்மன் வேதத்தில் இல்லை. லுத்தரைக் கள்ள உபதேசக்காரர் என்று நம் சபையில் யார் சொல்வார்கள்? 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டினோப்பிளிலும் கூடிய சபைப் பிதாக்கள் இந்த வசனத்தின் துணை இல்லாமலேதான் திரித்துவத்தை வரையறுத்தார்கள். குமாரன் படைக்கப்பட்டவரே என்று சொன்ன ஆரியுஸோடு அத்தனை ஆண்டு மல்லுக்கட்டிய கிரேக்கப் பிதாக்களில் ஒருவர்கூட இதை எடுத்துக் காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? மத்தேயு கடைசி அதிகாரத்தில் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே ஞானஸ்நானம் கொடுங்கள் என்று இருக்கிறதே, அதை யாரும் எங்கும் எடுத்துவிடவில்லை.

எனக்கும் வலிக்கிற இடம் உண்டு, மறைக்க மாட்டேன். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, உங்களில் பாவமில்லாதவன் முதலில் கல்லெறியட்டும் என்பது, என் அம்மா சாகும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்ன பகுதி. யோவான் 7:53 முதல் 8:11 வரை உள்ள அது மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. சில பிரதிகளில் லூக்கா 21க்குப் பின்னால் போய் நிற்கிறது, வீடு கிடைக்காமல் அலைகிற மாதிரி. யோவான் எழுதியிராவிட்டாலும் இயேசுவைப் பற்றிய பழைய நினைவு ஒன்று அதில் இருக்கிறது என்று நினைக்கும் ஆய்வாளர்கள் பலர், நானும் அந்தக் கட்சி. ஆனால் இது எனக்குத் தெரியவந்தது ஐம்பது வயதுக்கு மேல், நூலகத்தில், ஓர் ஆங்கிலப் புத்தகத்தில். அதுவரை ஆயிரக்கணக்கான பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நம் போதகர்களில் எத்தனையோ பேர் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்கள், இதெல்லாம் அவர்களுக்குப் பாடம், பரீட்சை எழுதியிருப்பார்கள். படித்ததைக் கல்லூரி வாசலிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். கேட்டால், விசுவாசிகள் குழம்பிவிடுவார்கள் ஐயா என்கிறார்கள். குழம்பிய பையனுக்கு வாட்ஸ்அப் பதில் சொல்கிறது.

தமிழ்ப் பிரச்சினை என்றேனே, அதற்கு வருகிறேன். நாம் புழங்குகிற வேதம் பவர் ஐயர் தலைமையில் 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பு. அதன் ஓசைக்கு நான் அடிமை, சங்கீதம் 23ஐ வேறு எந்த மொழிபெயர்ப்பிலும் எனக்கு ஜெபிக்க வராது. ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார், ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால் சின்ன எழுத்தை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள் (அச்சுக்காரனுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது). அதற்குப் பிறகு பப்ரிசியஸ் ஐயர் திருத்தினார், ரேனியஸ் ஐயர் திருத்தினார், பேர்சிவல் ஐயருக்கு யாழ்ப்பாணத்தில் உதவியவர் நம் ஆறுமுக நாவலர், சைவத்தின் பெருந்தூண். பப்ரிசியஸ் வேதத்தில் பராபரன் என்று இருந்தது பவர் வேதத்தில் தேவன் ஆயிற்று. 1995இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு பெரியவர் வசனத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அழுதிருப்பார். ஆங்கில அறிஞர்கள் வெஸ்ட்காட், ஹோர்ட் இருவரும் பழைய பிரதிகளை வைத்துக் கிரேக்கப் பதிப்பை 1881இல் வெளியிட்டபோது பவர் ஐயரின் வேதத்துக்கு வயது பத்து. ஆக, நம் தமிழ் வேதம் பழையது என்பதாலேயே மூலத்துக்குப் பக்கத்தில் இருப்பது அல்ல. பிந்திய பிரதிகளைப் பார்த்துச் செய்த பழைய மொழிபெயர்ப்பு.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பாடபேதம், அதாவது ஒரே வரி ஏட்டுக்கு ஏடு வேறுபடுவது, என்ற சொல் நம்முடையது. உரையாசிரியர்கள் இப்படியும் பாடம் உண்டு என்று எழுதிவைத்தே போனார்கள். இடைச்செருகல் என்று சட்டென்று சொல்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய்ப் போய் ஏடு தேடி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் பதிப்பித்தார். புறநானூற்றில் 267, 268 என்று எண் இருக்கிறது, பாட்டு இல்லை. ஏடு சிதைந்த இடத்தில் புள்ளி வைத்தாரே தவிரத் தாமாக ஒரு சொல் எழுதி நிரப்பவில்லை. அந்தப் புள்ளிகளைப் பார்த்து யாராவது புறநானூறு பொய் என்றார்களா? அவர்மேல் மரியாதைதான் கூடியது. வேதத்தின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சிந்தாமணிக்குக் கிடைத்த ஏடுகளோடு ஒப்பிட்டால் மலை. பிரதி கூடினால் பேதமும் கூடத்தான் செய்யும், ஆனால் பிழையைப் பிடிக்க வழியும் கூடும். ஒரே ஒரு மெய்ப்புத் தாளை வைத்துக்கொண்டு மூலம் எது என்று தேடுவதுதான் கஷ்டம்.

இதைப் படித்துவிட்டு வேதத்தை நம்பாத பக்கத்திலிருந்து ஒருவர், பார்த்தீர்களா பைபிளே திருத்தப்பட்டது என்று எழுதுவார், அவருக்கும் ஒரு வார்த்தை. 1947இல் சவக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த ஏசாயா தோற்சுருள், அதுவரை நம்மிடம் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் வருஷம் பழையது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எழுத்துக்கூட்டலில் நிறைய வேறுபாடு, அங்கங்கே சொல் வேறுபாடு, ஆனால் அதே ஏசாயாதான். கையால் எழுதியவர்கள் விளையாட்டாக எழுதவில்லை. சினாய்மலை மடத்திலிருந்து வந்த நாலாம் நூற்றாண்டுக் கிரேக்க வேதப் பிரதியை, 1933இல் பிரிட்டன் சோவியத் அரசிடம் ஒரு லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது, இன்று எம்ஆர்டியில் நின்றுகொண்டே கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். வேதத்தை அழிக்க நினைப்பவர்கள் இப்படித் திறந்து வைப்பார்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்ச் சபைகள் வருஷத்துக்கு ஒரு மாலை, தமிழிலேயே, நம் வேதம் நம் கைக்கு எப்படி வந்தது என்று படித்த ஒருவரை வைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர் சேர்ந்தே நடத்தினாலும் நல்லது, கத்தோலிக்கப் பதிப்பில் அடிக்குறிப்பு போடும் பழக்கம் உண்டு. பிள்ளைகள் ஆங்கில வேதம், பெற்றோர் தமிழ் வேதம் என்று ஒரே சோபாவில் உட்கார்ந்து வாசிக்கிற ஊர் இது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணில் படத்தான் செய்யும். அதற்குப் பதில் தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் கிடைக்கும் என்றால் பிள்ளை ஆங்கில ஆராதனைக்குப் போய்விடுவான், அப்புறம் தமிழ் ஆராதனையில் இளைஞர்களைக் காணோம் என்று கூட்டம் போட்டுப் பேசுவோம்.

பையன் அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. போன சனிக்கிழமை அவர்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் பிடித்துவிட்டேன். என் பவர் வேதத்தையும், கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்த என் மருமகளின் திருவிவிலியத்தையும் எடுத்துப் போயிருந்தேன். வெளிப்படுத்தின விசேஷம் 22:19, இரண்டையும் வாசி என்றேன். மைலோ ஆறிப்போகும்வரை எழுத்துக்கூட்டி வாசித்தான். "அங்கிள், இதுல புக், இதுல மரம்" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "இத அம்மாகிட்ட காட்டலாமா?" என்று கேட்டான். இரண்டு புத்தகத்தையும் பையில் போட்டு மேலே கொடுத்தனுப்பினேன். மருமகள் தன் வேதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள், இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
அங் மோ கியோ